கிழக்கே திரும்பிய ஆன்டெனா

1984-ஆம் ஆண்டில், ஓசூர்ச் சிப்காட்டிலே பணிபுரிந்த எம் தந்தையார் புதிய தொலைக்காட்சிப் பெட்டியொன்று வாங்கினார். பெட்டியின் திருகுகளை எவ்வளவு திருப்பியும் படம் தெளிந்திலது. குறை பெட்டியிலன்று, மாடியிலிருந்த ஆன்டெனாவிலே. அவர் மேலே நின்று அதனைத் திருப்ப, யாம் கீழிருந்து, "இல்லை அப்பா, இன்னுங் கொஞ்சம்" என்று கூவுவோம். 1981-இல் தொடங்கிய பெங்களூர் நிலையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டரே. ஆன்டெனாவின் குறுங்கம்பிகள் அத்திசையை நோக்கியவுடன் படம் பளிங்குபோலாயிற்று. உருவத்தருகே நிழலாய்த் தோன்றிய மற்றோருருவம், கட்டடங்களிற் பட்டு மீண்டு தாமதித்து வரும் அலையின் விளைவு; இன்னுஞ் சிறிது திருப்ப அதுவும் மறைந்தது.

நிற்க. திருநெல்வேலியினின்றும் வந்த எம் பாட்டியார்க்குக் கன்னடமும் தெரியாது, இந்தியுந் தெரியாது. "ஊமைப்படம் எனக்கெதுக்கய்யா?" என்பார். சென்னையோ 250 கிலோமீட்டருக்கப்பால். இவ்வலைகள் பெரும்பாலும் நேரே செல்வன, பூமியின் வளைவைத் தாண்டா. எனினும் சிற்சில இரவுகளில் வானிலை அவற்றை வளைத்துக் கொணர்வதுண்டு. அத்தகைய ஓரிரவில், பாட்டியார்பொருட்டு ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பியபோது, வெண்புள்ளிகளினூடே தமிழ்ச் செய்தி மெல்லக் கேட்டது. முகம் தெரியவில்லை. பாட்டியார் பெட்டியருகே நகர்ந்து காதை வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு வாரம் அதனை மீளத் திருப்ப எம் தந்தையார் மாடியேறவில்லை. அண்டைவீட்டார் கிரிக்கெட்டுக்கு வேறிடந் தேடினர்.