நான் விற்ற கிருஷ்ணர்

என்னிடமிருந்து ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை வாங்கிச் சென்றவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. நவநீத கிருஷ்ணர் படம். “நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும்” என்றேன். பலகையைப் பொறுத்தவரை அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் முகமும் வெண்ணெய் ஏந்திய கையும் என் வற்புறுத்தலில் புதிதாக எழுதப்பட்டவை.

படம் கெட்டதற்குக் காரணமும் நானே. வாங்குவதில் எனக்கிருந்த வேகத்தில் பாதிகூட வைத்துக் காப்பதில் இருந்ததில்லை. எங்கேயாவது பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று காதில் விழுந்தால் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவேன். வீடு வந்து சேர்ந்த படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஒரு நிமிடம் யோசித்ததில்லை. கிருஷ்ணரை மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரின் உட்பக்கத்தில், சுவரோடு சுவராக ஒட்டி மாட்டினேன். பின்னால் காற்று புக விரற்கடை இடைவெளிகூட இல்லை.

தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஈரம் ஆகாது. மரப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசிய பரப்பு, அதன்மேல் எழுப்பிய மேட்டு வேலை, கண்ணாடிக் கற்கள், தங்க ரேக்கு, கடைசியில் பசை கலந்த வண்ணம். மழைக்காலத்தில் பலகை உப்பும், கோடையில் சுருங்கும். மேலே உள்ள பூச்சு அதோடு சேர்ந்து அசையாது. வெடித்துச் செதிலாக எழும். புளியங்கொட்டைப் பசையைத் தேடிப் பூச்சியும் வரும், பூஞ்சையும் வரும். எல்லாவற்றையும் படித்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விளக்கமாகச் சொல்லவும் செய்வேன்.

கண்ணாடிக்குள் வெண்பூஞ்சை படர்ந்ததை ஓர் ஐப்பசி மாதத்தில் பார்த்தேன். சட்டத்தைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். கிருஷ்ணரின் கன்னம் துணியில் வந்துவிட்டது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாப்புக்கென்றே 1930-இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிக் கெட்டது என்று கேட்பார்களே என்ற வெட்கத்தில் போகவில்லை. தஞ்சாவூரில் ஓர் ஓவியரிடம் கொண்டுபோனேன். அவர் வெகுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “ரேக்கு எழும்பின இடத்தைப் பதிய வச்சுத் தரேன் சார். முகத்தைத் தொட வேணாம். போனது போனபடி இருக்கட்டும்” என்றார். நான் கேட்கவில்லை. அரைகுறை முகத்தோடு கூடத்தில் எப்படி மாட்டுவது என்று வாதாடினேன். காசு கொடுக்கிறவன் நான் என்பதால் என் பேச்சு எடுபட்டது. அவர் கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூல ஓவியரின் கோட்டில் மிஞ்சியிருந்ததும் அந்தப் புது வண்ணத்துக்கு அடியில் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழைய சட்டத்தின் பின்பலகையில் ஒரு குடும்பத்தின் பெயரையும் ஊரையும் மையால் எழுதியிருந்தார்கள். புதுச் சட்டம் போட்ட கடையில் அந்தப் பலகையைக் கழித்துப் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அதைப் படமெடுத்து வைக்கவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. இன்று அந்த ஊரின் பெயர் எனக்கு நினைவில்லை. யார் வீட்டுப் பூசையறையில் இருந்த சாமி என்பதை இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியங்களைப் புகைப்படத்தோடு பதிவு செய்யவேண்டும். கைமாறினால் அதையும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். வயது நிச்சயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதிவு செய்யாமல் இருந்தேன். அதே வாயால் விற்கும்போது நூறு வருஷம் என்றேன். வாங்கியவர் இளைஞர். அவர் சேர்க்கத் தொடங்கிய முதல் படம் அது. கன்னத்தைக் காட்டி, “எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது!” என்று வியந்தார். நான் தலையாட்டினேன். என் தவறுகளிலேயே பெரியது அந்தத் தலையாட்டல்தான். பூஞ்சை கவனக்குறைவால் வந்தது. இதை நான் தெரிந்தே செய்தேன்.

கிருஷ்ணர் பழைய முகத்தோடு பின்னணியில் தெரியும் புகைப்படம் ஒன்று வீட்டு ஆல்பத்தில் அகப்பட்டது. அதைப் பெரிதாக்கி, எந்தெந்த இடம் புதிது என்று குறித்து, நடந்ததை எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன். படம் வேண்டாமென்றால் முழுப் பணத்தையும் தருகிறேன் என்றேன். வைத்துக்கொள்வதானால் அந்தக் கடிதத்தையும் புகைப்படத்தையும் படத்தோடு சேர்த்தே வைக்கவும், நாளை அதை யாரிடம் கொடுத்தாலும் அவற்றையும் கொடுக்கவும் கேட்டிருக்கிறேன்.