கேஸ் லீக் இல்லீங்க!

ஃப்ரிட்ஜுக்கு அடியில தண்ணி நின்னா உடனே "கேஸ் லீக்"னு தீர்ப்பு சொல்ல எங்க ஊர் முத்தாண்டிக்குப்பத்துல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க.
கேஸ் தண்ணியா வராதுங்க.

டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கினா உருகுற ஐஸ், உள்ள இருக்கிற சின்ன ஓட்டை வழியா, பின்னாடி கம்ப்ரசர் மேல உள்ள தட்டுக்குப் போகணும்.
கம்ப்ரசர் சூட்டுல அங்கயே ஆவியாயிடும்.

எங்க வீட்டுல அந்த ஓட்டையை அடைச்சிருந்தது பலாச்சுளை நார்.
(பண்ருட்டிப் பக்கம் வேற என்ன அடைக்கும்?)

பிளக்கைப் பிடுங்கிட்டு, பழைய சிரிஞ்சுல வெதுவெதுன்னு தண்ணி ஏத்தினேன்.
பொளக்!

பிளக்கைத் திரும்ப ஸ்டெபிலைசர்லதான் மாட்டினேன். எங்க ஊர் 1962லேர்ந்து கரண்ட் தயாரிக்கிற நெய்வேலி பக்கத்துலதான். ஆனாலும் ஸ்டெபிலைசர் இல்லாம ஃப்ரிட்ஜ் போட எனக்குத் தைரியமில்ல.

இப்ப வீட்டுல நான்தான் மெக்கானிக். கூலி ஒரு டீ, அதுவும் சர்க்கரை கம்மி.

வாசல்ல எதிர்வீட்டு அக்கா மிக்ஸியோட நிக்கிறாங்க.
ஸ்க்ரூட்ரைவரை எடுக்கவா, பின்வாசல் வழியா ஓடவா?