கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெயும் தட்டு நிறையச் சோறும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பார்கள். நோய் வந்த பிறகுதான் அந்தச் செல்வத்தின் கணக்கு பலருக்குப் புரிகிறது.

ஐம்பத்தைந்து வயதுக் குடும்பத் தலைவர் ஒருவர். சர்க்கரை நோய் வந்து பத்து வருடம் ஆகிறது. போன வருடம் நெஞ்சு வலி வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் முட்டை மஞ்சள் கரு குப்பைக்குப் போகிறது. எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர் மனைவி வாங்குகிறார். ஆனால் மதியம் தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. இப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டில் தெருவுக்கு நாலு இருக்கும்.

முதலில் அந்த எண்ணெய்ப் பாக்கெட்டைப் பார்ப்போம். கொலஸ்ட்ரால் விலங்குகளிடமிருந்து கிடைக்கும் உணவில்தான் இருக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் எதை வாங்கினாலும் அதில் கொலஸ்ட்ரால் கிடையாது. ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது கல்லீரல். சாப்பாட்டில் நிறைவுற்ற கொழுப்பு கூடினால் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேலும், பாமாயிலில் ஏறக்குறைய பாதியும் இந்தக் கொழுப்புதான். ஆகவே பாக்கெட்டின் முன்பக்க விளம்பரத்தை விட, பின்பக்கம் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் அளவைப் பார்ப்பதே பயன் தரும்.

ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015க்குப் பிறகு கைவிட்டது. அதற்காக நினைத்தபடி சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. எத்தனை முட்டை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி சோற்றுக்கு வருவோம். 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் 2025 அறிக்கை, இந்தியர்கள் பெறும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்து குறைய வேண்டும் என்பதும் அதில் தெரிந்தது. சோற்றை விட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிடுபவரும், கேழ்வரகுக் கூழைச் சொம்பு நிறையக் குடிப்பவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவுக்கு மீறிய மாவுச்சத்து சர்க்கரையை ஏற்றுவதோடு நிற்பதில்லை. கல்லீரல் அதை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றுகிறது. நல்ல கொலஸ்ட்ராலும் குறைகிறது. ஏறிய சர்க்கரை ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்க, அங்கே கொழுப்பு படிகிறது. சர்க்கரை நோயும் இதய நோயும் தனித்தனி நோய்கள் போலத் தெரிந்தாலும், இரண்டும் ஒரே தட்டில்தான் சந்திக்கின்றன.

என்ன செய்யலாம்? தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்கு மட்டும் சோறு என்று வைத்துக்கொள்வது எளிய வழி. பருப்பு, பயறு, ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றையும் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து மயங்கி விழலாம். அளவைக் குறைக்கும்போது மருத்துவரிடம் சொல்லியே குறைக்க வேண்டும். அடுத்து, ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. ரிப்போர்ட் நன்றாக வந்ததில் அந்த மாத்திரைக்கும் பங்கு உண்டு.

அந்தக் குடும்பத் தலைவர் வீட்டில் குப்பைக்குப் போக வேண்டியது மஞ்சள் கரு அல்ல. குறைய வேண்டியது இரண்டாவது, மூன்றாவது தடவைச் சோறு. அதற்கு அவர் மட்டும் மனது வைத்தால் போதாது. கரண்டி பிடிக்கும் கையும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று அன்பாகச் சொல்லும் வாயும் சேர்ந்து மனது வைக்க வேண்டும்.