இது கடல் இல்ல சேர், ஆறுதான்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டு வேலைக்கு நிற்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர் மட்டும் வாசித்தாலும் போதும்.

போன வெள்ளி அஸருக்குப் பிறகு எங்களிடம் படித்த ஒரு பிள்ளை உம்மாவோடு வீட்டுக்கு வந்தான். ஹோட்டல் பாடநெறி முடித்தவன். கையில் ஒரு தாள். ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பலில் வெயிட்டர் வேலை, பன்னிரண்டு மாதமும் சம்பளம், ஏஜென்டுக்குக் கட்டவேண்டியது எட்டு இலட்சம். "இது கடல் இல்ல சேர், ஆறுதான். பயமில்ல" என்றான்.

கிண்ணியாவில் இருந்துகொண்டு ஆற்றுக்குப் பயமில்லை என்று சொல்கிறான். 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. உம்மா ஒன்றும் பேசவில்லை. கையில் காப்பு இல்லை. கண்டோம், கேட்கவில்லை.

தாளில் கப்பல் படம் இருந்தது, கம்பெனி பேர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் படிப்பிக்கிறவர்கள், ஒன்றைத் தெரியாமல் சொல்ல மனம் வராது. இரண்டு நாள் டைம் கேட்டோம்.

இந்தத் தொழிலில் பேர்பெற்ற வைக்கிங் கம்பெனியைப் பற்றி முதலில் வாசித்தோம். 1997இல் ரஷ்யாவில் நான்கு ஆற்றுக் கப்பலோடு தொடங்கியது. 2012இல் 'லோங்ஷிப்' என்ற வகையை இறக்கினார்கள். இன்றைக்கு அதே அச்சில் வார்த்ததுபோல நிறையக் கப்பல்கள் ரைனிலும் டான்யூபிலும் ஓடுகின்றன. நீளம் 135 மீற்றர், அகலம் பதினொன்றரை மீற்றர்கூட இல்லை. ஏன் இப்படிப் பாம்பு மாதிரி? 1992இல் திறந்த கால்வாய் ஒன்று மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கிறது. அதில் கப்பலைக் கதவடைத்த தொட்டிக்குள் விட்டு, தண்ணீரை நிரப்பித்தான் படிப்படியாக மேலே தூக்குவார்கள். தொட்டியின் அகலம் 12 மீற்றர். பாலம் பதிவாக வந்தால் மாலுமியின் அறையையே கீழே இறக்கிவிடலாம். வகுப்பில் படம் போட்டுக் காட்ட நல்ல பாடம் என்று சந்தோஷப்பட்டோம், உண்மையைச் சொன்னால்.

பிறகுதான் எங்களுக்கு வேண்டியது கிடைத்தது. மழை இல்லாவிட்டால் ஆறு வற்றும். 2018இலும் 2022இலும் ரைனில் தண்ணீர் குறைந்து கப்பல்கள் தடுமாறின. குளிர்காலத்தில் பல கப்பல்களைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அப்படியென்றால் பன்னிரண்டு மாதச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இன்னொன்று. கப்பல் வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் ஆளிடம் காசு வாங்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், பாஸ்போட் மாதிரிச் செலவுகள்தான் தொழிலாளியுடையது. ஆனால் உள்நாட்டு நீர்வழியில் மட்டும் ஓடுகிற கப்பலை அந்தச் சமவாயம் கப்பல் என்றே கணக்கெடுப்பதில்லை. பிள்ளை "கடல் இல்ல, ஆறுதான்" என்று தைரியமாகச் சொன்னானே, அந்த இடத்தில்தான் பாதுகாப்புக் குறைகிறது. அங்கே அவனைக் காப்பது அந்தக் கப்பல் பதிந்த நாட்டின் சட்டமும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தமும்தான். அந்தக் கப்பல்களில் பல சுவிட்சர்லாந்துக் கொடியோடு ஓடுகின்றன. இவன் ஏறப்போகும் கப்பலுக்கு எந்தக் கொடி? தாளில் இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்வதா விடுவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். 2019 மே 29 இரவு, புடாபெஸ்டில், மழையில், வைக்கிங் கப்பல் ஒன்று சின்ன உல்லாசப் படகோடு மோதி 28 பேர் மௌத்தானார்கள். சொன்னால் உம்மா போகவே விடமாட்டா. மறைத்தால் நாங்கள் என்ன வாத்திமார்?

ஞாயிறு வந்தார்கள். சொன்னோம்.

"பெரிய கப்பல்ல இருந்தவங்களுக்கு?" என்று கேட்டா.

"உயிர்ச்சேதம் இல்ல ராத்தா. சின்னப் படகுல இருந்தவங்கதான்."

கொஞ்ச நேரம் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தா. "கப்பல் மோதினா அல்லாஹ்ட நாட்டம் சேர். எட்டு இலட்சம் போனா அது நம்மட புத்திக்கெட்ட வேலை" என்றா. காப்பு வித்தாச்சாம், காசு இன்னும் வீட்டில்தான் இருக்குதாம்.

பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஏஜென்டுக்கு வட்ஸப்பில் எழுதவைத்தோம். கம்பெனி பேர், கப்பல் பேர், எந்த நாட்டுக் கொடி, ஒப்பந்தம் எத்தனை மாதம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம். ஐந்தே கேள்வி. அந்த இலக்கம் கிடைத்தால் பணியகத்தில் 1989க்கு அழைத்து விசாரிக்கலாம். ஊரில் வேறு யாரிடமாவது இதே தாள் இருந்தால் நீங்களும் இதையே கேளுங்கள்.

இன்றைக்கு நான்கு நாள். நீலக் கோடு இரண்டும் விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை. பிள்ளை காலையில் திருகோணமலைக்கு ஒரு ஹோட்டல் இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறான். துஆச் செய்யுங்கள்.