ஜாம் அலமாரியில் ஒரு நாவல்

டொரண்டோ

அன்பார்ந்த ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாசகியான கும்பகோணத்துச் சகோதரி ஒருவர், என் முந்தைய மடலைப் படித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பதினான்கு பிராயமுள்ள அவருடைய புதல்வி பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தை ஏறக்குறையப் படித்துத் தீர்த்துவிட்டாளாம். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வேகத்தில் படிக்கிறாளாம். சாதத்தட்டுக்கு அருகிலும் புத்தகம் விரிந்தபடியே இருக்கிறதாம். இந்த வயதினருக்கென்று இப்போது கடைகளில் அடுக்கியிருக்கும் ஆங்கில நாவல்களைப் புரட்டினால் தமக்கே கூச்சமாக இருக்கிறதென்றும், பெண்ணின் மனம் கெடாத வண்ணம் படிக்கத்தக்க புத்தகங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து அனுப்ப வேண்டுமென்றும் அந்த அம்மையார் கேட்கிறார்.

அவருடைய கவலை நூதனமானதன்று. நான் இப்போது வாழும் இந்தத் தேசத்தின் புகழ்பெற்ற கதாநாயகியே அந்தக் கவலைக்கு இலக்கானவள்தான். லூசி மாட் மாண்ட்கோமரி 1908-இல் வெளியிட்ட ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ என்ற நாவலில், வயல்வேலைக்கு ஒத்தாசையாக ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று சொல்லியனுப்பிய அண்ணன் தங்கை இருவரின் வீட்டுக்குத் தவறுதலாக வந்து சேரும் அநாதைச் சிறுமி ஆன், படிப்பில் பைத்தியம் கொண்டவள். தோழி இரவல் கொடுத்த ஒரு பேய்வீட்டு மர்மக்கதையை அவள் படித்துக்கொண்டிருப்பதைக் கண்ட ஆசிரியை, அது அசட்டுத்தனமான, மனத்துக்கு ஒவ்வாத புத்தகம் என்று சொல்லி, இனி அத்தகையவற்றைத் தொடாதே என்று கேட்டுக்கொள்கிறாள். ஆனும் அப்படியே வாக்குக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் முடிவு தெரியாமல் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் பெரிய வேதனையாக இருந்தது என்று வீட்டில் வந்து சொல்கிறாள்! வேறோர் இடத்தில், பாடம் படிக்கவிடாமல் இழுக்கும் ஒரு நாவலை ஜாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவ்வீட்டு அண்ணனான மாத்யூவின் கையில் கொடுத்துவிடுவதாகவும், தானே கெஞ்சினாலும் அவர் அதைத் தரக் கூடாதென்றும் சொல்கிறாள். பூட்டுகிறவளும் அவளே, கெஞ்சப்போகிறவளும் அவளே என்னும் இந்த ஏற்பாட்டில், எந்தத் தாயின் தணிக்கையிலும் காணக்கிடைக்காத ஞானம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பெண்குழந்தைகளின் கைகளில் தயங்காமல் கொடுக்கலாமென்று தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்டுவரும் ‘லிட்டில் விமன்’ நூலின் கதையோ இன்னும் சுவாரஸ்யமானது. 1868-லும் 1869-லும் இரு பாகங்களாக வெளிவந்த அந்நூலில், கதாநாயகி ஜோ பரபரப்புக் கதைகளை எழுதிப் பணம் சம்பாதிப்பதும், பேராசிரியர் ஒருவர் அவ்வகை எழுத்தைக் கடிந்துரைக்கக் கேட்டு மனம் மாறி அவற்றை அடுப்பில் போடுவதும் வருகின்றன. அதை எழுதிய லூயிசா மே ஆல்காட்டோ, பழிவாங்குதலும் மோகமும் சூழ்ச்சியும் நிறைந்த கதைகளை ஏ. எம். பார்னார்ட் என்ற புனைபெயரில் எழுதியவர் என்ற உண்மை, 1940-களில் இரு பெண் ஆராய்ச்சியாளர்களின் முயற்சியால்தான் வெளிவந்தது. இதைச் சொல்வதால் ‘லிட்டில் விமன்’ களங்கப்பட்டுவிடாது. நற்போதனையைச் செய்த கையே மற்றதையும் செய்து பழகியிருந்தது என்று தெரிந்துகொள்வது படிக்கிற பெண்ணுக்கு நல்லதே.

எதைக் குழந்தையின் கையில் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இந்நகரிலும் ஒருவர் விடை தேடினார். டொரண்டோவின் காலேஜ் வீதியில், வாயிலின் இருபுறமும் சிறகு முளைத்த இரு விசித்திர மிருகங்கள் காவலிருக்கும் கிளை நூலகம் ஒன்று உண்டு. அது லிலியன் ஸ்மித் என்ற அம்மையாரின் பெயரால் விளங்குவது. 1912-இல் இந்நகரின் பொது நூலகத்தில் குழந்தைகளுக்கான நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1922-இல் குழந்தைகளுக்கென்றே தனியொரு நூலக இல்லம் திறக்கக் காரணமாக இருந்து, நாற்பது வருஷம் பணியாற்றி ஓய்வுபெற்ற பின் 1953-இல் தம் அநுபவத்தைச் சாரமாகத் திரட்டி நூலொன்றும் வெளியிட்டார். குழந்தைக்குத்தானே என்று மட்டமான எழுத்தைக் கொடுக்கலாகாது என்பது அவருடைய விரதம். இங்கிலாந்தின் எட்கர் ஆஸ்போர்ன் என்ற நூலகர், தாம் சேகரித்த பழைய சிறுவர் நூல்கள் சுமார் இரண்டாயிரத்தை 1949-இல் இந்நகருக்கு நன்கொடையாக வழங்கினார். காலேஜ் வீதிக் கட்டடத்தின் மாடியில் அந்தச் சேகரத்தை இன்றும் காணலாம்.

பழைய காலத்தில் எதை நல்ல புத்தகம் என்று கருதினார்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நம் தேசத்தில் பல வருஷங்கள் வாழ்ந்துவிட்டுத் திரும்பிய ஷெர்வுட் சீமாட்டி என்ற ஆங்கிலேய அம்மையார் 1818-இல் வெளியிட்ட ‘ஃபேர்சைல்ட் குடும்ப’த்தில், சண்டையிட்டுக்கொண்ட தம் குழந்தைகளைத் தகப்பனார் அழைத்துச் சென்று, சகோதரனைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்டவனின் தொங்கும் சவத்தைக் காட்டி நீதி போதிக்கிறார். அதில் காதல் இல்லை, ஆபாசம் இல்லை; ஆயினும் என் வீட்டுக் குழந்தையின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

முத்தத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுகிற நம்முடைய கண்ணுக்கு வேறு சில விஷங்கள் தப்பிவிடுவதுண்டு. 1911-இல் வந்த ‘தி சீக்ரெட் கார்டன்’ அருமையான நூல். பூட்டிய தோட்டமொன்று உயிர்பெறுவதோடு வாடிய இரு குழந்தைகளும் உயிர்பெறுவதைச் சொல்வது. ஆனால் இந்தியாவில் பிறந்து வளர்ந்த அதன் சிறுமி மேரி, சுதேசிகள் மனிதர்களே அல்லர், சலாம் போடவேண்டிய வேலைக்காரர்கள் என்று கோபத்தில் கத்துகிறாள். மேரியின் துர்க்குணத்தைக் காட்டவே ஆசிரியை அதை எழுதினார் என்று வாதிக்கலாம். பாதி உண்மையும் அதில் உண்டு. எனினும் அந்த வரியைப் படிக்கும் தமிழ்ப்பெண்ணின் அருகில் யாரேனும் ஒருவர் அமர்ந்து, “இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறாக, பெட்டி ஸ்மித் 1943-இல் வெளியிட்ட ‘எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்’ நாவலில் குடிகாரத் தகப்பன் இருக்கிறான்; பசி இருக்கிறது; சிறுமியின்மீது கைவைக்க வரும் கயவனும் இருக்கிறான். ஆனால் அந்தத் தகப்பனை வெறுக்கவும் விடாமல், அவன் குடியை மன்னிக்கவும் விடாமல் ஆசிரியை நடத்திச் செல்கிற நேர்மையைக் கண்டால், தீமையைச் சொல்வதனால் மட்டும் ஒரு நூல் தீயதாகிவிடுவதில்லை என்று விளங்கும். எழுத்தறியாத பாட்டியின் யோசனைப்படி, தரை கழுவிப் பிழைக்கும் தாய் தன் குழந்தைகளுக்குத் தினந்தோறும் இரவில் பைபிளில் ஒரு பக்கமும் ஷேக்ஸ்பியரில் ஒரு பக்கமும் படித்துக்காட்டுகிறாள். அந்தச் சிறுமி பிரான்சி பேட்டை நூலகத்தின் புத்தகங்களை அகரவரிசைப்படி நாளொன்றுக்கு ஒன்றாகப் படித்து வருகிறாள். சனிக்கிழமை மட்டும் வரிசையை விட்டு, ஒரு பெண்பிள்ளைக்கு ஏற்ற நல்ல புத்தகம் எதுவென்று நூலகியைக் கேட்கிறாள். நூலகியோ, என்ன வயது என்று மாத்திரம் கேட்டுவிட்டு, வருஷக்கணக்காக இரண்டே புத்தகங்களில் ஒன்றையே எடுத்துக் கொடுக்கிறாள். சிறுமியின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

கும்பகோணத்துப் பெண்ணின் முகத்தை நானும் பார்த்ததில்லை. ஆகவே ஜாபிதா தயாரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையாகாது. ‘பொன்னியின் செல்வ’னை அவள் படித்திருப்பாள். படிப்புக்காக ஒருவர் எவ்வளவு அலைய முடியும், ஓர் ஏட்டுச்சுவடி கிடைத்தால் எவ்வளவு ஆனந்தப்பட முடியும் என்பதை அறிய உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைவிடச் சிறந்த நூல் எனக்குத் தெரியாது; அதில் கும்பகோணம் காலேஜும் வருகிறது என்பது அவளுக்கு உபரி மகிழ்ச்சி. நீலகிரி மக்களின் வாழ்வைக் கூறும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’, சூடாமணியின் சிறுகதைகள் ஆகியவற்றையும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் ஆனிலிருந்து தொடங்கலாம். தானும் எழுத விரும்புகிற பெண்ணாயின், அதே ஆசிரியை 1923-இல் எழுதிய ‘எமிலி ஆஃப் நியூ மூன்’ இன்னும் நெருக்கமாயிருக்கும். டோடி ஸ்மித்தின் ‘ஐ கேப்சர் த காஸில்’ காதலையும் ஏமாற்றத்தையும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பாகச் சொல்வது. பதினாறு வயதுக்கு வைத்திருக்கலாம். புரூக்ளின் நாவலைத் தாயார் முதலில் படித்துவிட்டுக் கொடுக்கட்டும். கொடுத்தபின் பரீட்சை வைக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் பாட்டிமார்கள் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் வீட்டார் கண்ணில் படாமல் படித்தவர்கள்தாம்; துப்பறியும் கதை படித்ததால் குடும்பம் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே இந்தப் பெண்ணின் தலையணைக்கடியில் மட்டமான கதை ஒன்றிரண்டு அகப்பட்டால் அம்மையார் பதறவேண்டியதில்லை. மேலே சொன்ன நூல்களில் எதை அவள் முடிக்காமல் பாதியிலேயே மூடிவைத்தாள், ஏன் மூடினாள் என்பதை அவள் கையாலேயே இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த புத்தகத்தின் பெயரைச் சொல்லமுடியும்.