பெயின்ட்டுக்கு அடியில்: ஒரு பழைய ஸ்பீட்போட் வழக்கு

நுகர்வோர் ஆணையத்தில் நான் நடத்தியவை பெரும்பாலும் காப்பீடு, அடுக்குமாடி வீடு, மருத்துவச் செலவு சம்பந்தப்பட்ட வழக்குகள். பழைய ஸ்பீட்போட் ஒன்றுக்காக வாதாடியது அந்த ஒரு முறைதான். பழைய பொருளை வாங்கியவருக்குச் சட்டம் எதுவரை துணைக்கு வரும், எங்கே நின்றுவிடும் என்பதை அந்த வழக்கைப்போல வேறெதுவும் எனக்குத் தெளிவாகக் காட்டியதில்லை.

கட்சிக்காரர் கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பையன். சர்ஃபிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், வேக்போர்டிங் தொடங்க நினைத்தார். படகின் பின்னால் கயிற்றைப் பிடித்து, பலகைமேல் நின்றபடி இழுபட்டுப் போகும் விளையாட்டு அது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும் படகு வேண்டும். ஊர் ஃபைபர் போட்டு அதற்குப் போதாது. புதிதாக இறக்குமதி செய்ய வசதியில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்ததும், எடுத்த சீட்டுப் பணமும் சேர்ந்து கையில் 10 லட்சம் இருந்தது.

கோவாவில் பழைய படகுகளை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரிடம் அமெரிக்கத் தயாரிப்பு ஒன்று கிடைத்தது. 21 அடி, 200 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். “2015 மாடல், மொத்தமே 280 மணி நேரம்தான் ஓடியிருக்கு” என்று வியாபாரி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பையன் நேரில் போனார், ஆற்றில் ஓட்டிப் பார்த்தார், எட்டரை லட்சம் கொடுத்து டிரெய்லரில் ஊருக்குக் கொண்டுவந்தார். இது 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்.

பதிவுக்கும் சர்வேக்கும் மனுப் போடும் முன் தானே ஓட்டிப் பழகிய நாட்களில், முழு வேகத்தில் இன்ஜின் லேசாக ஆடுவதைக் கவனித்திருக்கிறார். அவருடைய அப்பாதான் குனிந்து பார்த்து, இன்ஜினைப் பிணைக்கும் போல்ட்டுகளின் வாஷர்கள் ஃபைபருக்குள் இறங்கியிருப்பதைக் காட்டியவர். அந்தப் புகைப்படத்தோடு இருவரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

அவுட்போர்டு இன்ஜின் தொங்குவது படகின் பின்பலகையில். டிரான்சம் என்பார்கள். இதுபோன்ற பழைய ஸ்பீட்போட்டுகள் பலவற்றில் இரண்டு பக்கம் ஃபைபரும் நடுவில் பிளைவுட்டுமாக அதைக் கட்டியிருப்பார்கள். 200 குதிரைத்திறன் இன்ஜின் 200 கிலோவுக்கு மேல் எடை வரும். அந்த எடையையும், படகு சீறிக் கிளம்பும்போது வரும் உந்துதலையும் தாங்குவது அந்தப் பலகைதான். போல்ட் துளைகளின் அடைப்பு விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே கசியும், பிளைவுட் உளுத்துப்போகும். மேலே ஜெல்கோட் என்ற மேற்பூச்சு மட்டும் பளபளவென்று இருக்கும்.

அப்பாவுக்கு வழக்கில் நாட்டம் இல்லை. “வக்கீலய்யா, நம்ம ஆளை வெச்சு ஒரு இரும்புத் தகடு அடிச்சிடலாம். ஒரு சீசன் ஓடிட்டா நகையைத் திருப்பிடுவோம்” என்றார். வட்டி ஏறிக்கொண்டிருந்த வீடு. அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்குப் புரிந்தது. இருந்தும் அன்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாதுகாப்பில்லாத படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 282-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 284-ஆம் பிரிவு. உயிர் போனால் வழக்கு அதோடு நிற்காது. கோளாறு தெரிந்த பிறகு ஓட்டினால் கைதாகப்போவது கோவா வியாபாரி அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மகன்.

லண்டன் வழக்கு ஒன்றையும் அவர்களுக்குச் சொன்னேன். 2015 டிசம்பரில் தேம்ஸ் நதியில் பழைய ஸ்பீட்போட் ஒன்று கவிழ்ந்து 24 வயதுப் பெண் இறந்தார். படகின் சொந்தக்காரர் இணைய விளம்பரம் பார்த்து அதை வாங்கியிருந்தார். ஸ்டியரிங் உட்பட அதில் கோளாறுகள் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. 2018-இல் ஓல்டு பெய்லி நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனிடம், “போட்டைத் தண்ணியில இறக்காதே” என்று மட்டும் சொன்னார். எங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 மே மாதம், கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மறுநாள் காலை முதல் போன் அந்த அப்பாவிடமிருந்துதான் வந்தது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கோவாவுக்கு அலையாமல் இங்கேயே தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. அவர் வைத்த மூன்று வாதங்களும் கனமானவை.

சம்பாதிக்க வாங்கிய படகு என்பதால் இவர் நுகர்வோரே அல்ல என்பது முதல் வாதம். இதற்குக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று சம்பந்தப்பட்ட தீர்ப்பே பதில் சொன்னது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்று சொல்லியிருக்கிறது. ஆட்டோவுக்குச் சொன்னது படகுக்கும் பொருந்தும் என்பதை ஆணையம் எளிதாக ஏற்றது.

இரண்டாவதுதான் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது. பில்லின் அடியில் ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. பையன் கையெழுத்தும் போட்டிருந்தார். பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு வாங்குபவருக்குச் சில உத்தரவாதங்களைத் தானாகவே தருகிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அவற்றை விலக்கிவிடலாம் என்கிறது 62-ஆம் பிரிவு. பலகை உளுத்திருந்தது என்று மட்டும் நிரூபித்திருந்தால் அந்த ஒரு வரியிலேயே வழக்கு முடிந்திருக்கும். வியாபாரி ஏமாற்றினார் என்றும் நிரூபித்தாக வேண்டியிருந்தது.

மூன்றாவது வாதம் அதன் தொடர்ச்சி. கடலிலேயே வளர்ந்தவர், நேரில் வந்து ஓட்டியும் பார்த்தவர், சாதாரணக் கவனம் இருந்தாலே குறை தெரிந்திருக்குமே என்றார்கள். பையன் தன் பதில் பிரமாணப் பத்திரத்தில் சொன்னதை நான் திருத்தாமல் அப்படியே விட்டேன்: “கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் பார்த்தேன். பெயின்ட்டுக்கு உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பேன்?” ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கு, தவறான தகவலுக்கும் மௌனத்துக்கும்தான் பொருந்தும். வேண்டுமென்றே மூடி மறைத்தவர் அதற்குள் ஒளிய முடியாது.

மூடி மறைத்ததற்குச் சாட்சி படகிலேயே இருந்தது. எங்கள் மனுவை ஏற்று, கப்பல் கட்டுமானம் படித்த நிபுணர் ஒருவரை ஆணையம் நியமித்தது. அவர் சின்ன ரப்பர் சுத்தியலால் படகின் பக்கவாட்டில் தட்டினார், கணீரென்று ஒலித்தது. பின்பலகையில் தட்டினால் ‘தொப்’பென்று அடங்கியது. இரு தரப்பு முன்னிலையிலும் பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டார். கறுத்த மரத்தூள் ஈரமாக வெளியே வந்தது. இரண்டு விரலால் அதை நசுக்கிக் காட்டினார், தண்ணீர் சொட்டியது.

அடுத்து எண். அமெரிக்காவில் கட்டப்படும் ஒவ்வொரு படகுக்கும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடங்கள் கொண்ட ஹல் எண் என்ற அடையாள எண் உண்டு. 1972 முதல் அங்கே அது சட்டம். பின்பலகையின் வலது மேல்மூலையில் பொறித்திருப்பார்கள். எங்கள் படகில் அந்த இடம் தேய்த்து, புது ஜெல்கோட் பூசப்பட்டிருந்தது. அதே எண்ணை வெளியே தெரியாத இன்னோர் இடத்திலும், ஏதாவது ஒரு பொருத்துப்பொருளுக்கு அடியில், பொறித்தாக வேண்டும் என்பதும் அந்நாட்டு விதிதான். நிபுணர் உள்ளே கயிறு கட்டும் கொக்கி ஒன்றைக் கழற்றினார். எண் அங்கே இருந்தது. கடைசி நான்கு இடங்கள்: எச், 5, 0, 6. எச் என்றால் ஆகஸ்ட், 5 என்றால் 2005, மீதி இரண்டும் 2006 மாடல் என்று அர்த்தம். 2015 என்று சொல்லி விற்ற படகு அது.

இன்ஜினும் சாட்சி சொன்னது. யமஹா, மெர்க்குரி போன்றவற்றின் இன்றைய இன்ஜின்கள், எந்த வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடின என்பதைத் தம் கணினியில் பதிந்துவைக்கும். மெக்கானிக் லேப்டாப்பை இணைத்து எடுத்த அச்சுப்பிரதியில் 1,900 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. டேஷ்போர்டு மீட்டரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் அரை மணிகூட இல்லை.

சோதனைக்கு இடையே நிபுணர் பையனிடம் பேசியது அறிக்கையில் இல்லை, ஆனால் எனக்கு அது முக்கியமாகப் பட்டது. “தம்பி, கையில் 10 லட்சம் இருந்தா 7 லட்சத்துக்குப் படகு தேடணும். மிச்சம் சர்வேயருக்கும் ரிப்பேருக்கும் பெட்ரோலுக்கும். 200 குதிரை முழு வேகத்துல ஓடினா மணிக்கு எழுபது லிட்டருக்கு மேல குடிக்கும். இன்ஜின் கெட்டா மாத்திக்கலாம், பின்பலகை போனா படகையே பாதி அறுக்கணும்” என்றார். குறைந்த பணத்தில் வேகப்படகு தேடுபவர்கள் குதிரைத்திறனில் மயங்கி, கட்டுமானத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் ஆதங்கம். படகுக் காகிதங்களைப் பார்த்த வழக்கறிஞராக எனக்கும் அதே ஆதங்கம்தான். மாடல் ஆண்டு, ஹல் எண், இன்ஜின் ஓடிய நேரம் ஆகிய மூன்றும் பில்லில் இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பையன் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் பொய்யை வியாபாரியின் சொந்த வார்த்தையிலேயே காட்ட முடிந்தது.

ஆணையம் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எட்டரை லட்சத்தை 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும், டிரெய்லர் செலவும் மன உளைச்சலுக்கு 50,000 ரூபாயும் தர வேண்டும், படகை வியாபாரி தன் செலவில் எடுத்துச்செல்ல வேண்டும். வருமான இழப்பு கேட்டோம். பதிவாகாத படகுக்கு வருமானத்தைக் கணக்கிட முடியாது என்று அதை மட்டும் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டுக்குப் பாதித் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதாலோ என்னவோ, வியாபாரி மேலே போகவில்லை. பணம் வந்தது, நகை திரும்பியது.

படகு அவரிடம் திரும்பிப் போனால் இன்னொருவருக்கு விற்கப்படலாம் என்ற பயம் எனக்கு இருந்தது. அதனால் அந்த ஹல் எண்ணையும் உண்மையான தயாரிப்பு ஆண்டையும் உத்தரவிலேயே குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆணையம் அப்படியே எழுதியது. நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. பழைய படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன், விற்பவர் பெயரை அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.