ஒடிய வேண்டியது ஒடியட்டும்

புல்லட் வைத்திருந்தவர்களில் அதை ஒருமுறையாவது கீழே போடாதவரை நான் பார்த்ததில்லை. நான் போட்டது 1984-இல், மதுரையில் ஒரு டீக்கடை வாசலில். வேகமாகப் போய் விழவில்லை, நின்ற இடத்தில்தான். இடது காலை ஊன்றிய இடத்தில் சிறு பள்ளம். ஏறக்குறைய 170 கிலோ என் பக்கம் மெல்லச் சாய்ந்தது. விட மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். வண்டியும் விழுந்தது, இடுப்பும் பிடித்துக்கொண்டது. டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர்தான் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தினார்கள்.

அந்தக் காலத்து புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பிரேக் மிதி வளைந்துவிட்டது. கிளட்ச் லீவர் அடியோடு ஒடிந்துவிட்டது. டேங்கில் ஒரு சொட்டை. பட்டறை பாய் வண்டியைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தார். “தாங்கிப் பிடிச்சீங்களா சார்? சாயுறப்ப பிடிக்கலாம். விழ ஆரம்பிச்சுட்டா விட்டுட்டுத் தள்ளி நிக்கணும். வண்டிக்கு பார்ட்ஸ் கிடைக்கும். உங்களுக்கு நான் எங்க போய் வாங்க?”

பிறகு ஒடிந்த லீவரைக் கையில் வைத்துப் பாடம் நடத்தினார். ஹேண்டில்பாரில் லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்பை நான் முழுப் பலத்தோடு முறுக்கி வைத்திருந்தேன். அதை அப்படி முறுக்கக் கூடாதாம். ஓட்டும்போது அசையாமல் இருக்க வேண்டும். ஓங்கி அடிபட்டால் மட்டும் சுழன்று கொடுக்க வேண்டும். சுழல இடமில்லாத லீவர் ஒடியத்தான் செய்யும். இன்றைய வண்டிகள் பலவற்றில் லீவரின் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்தால் அந்த இடத்தில் ஒடியட்டும் என்று செய்யும்போதே வைத்த வெட்டு அது. நுனி போனாலும் மிச்சமிருப்பதை இரண்டு விரலால் பிடித்து வீடு வந்து சேரலாம்.

அன்றே பாய் கிராஷ் கார்டும் மாட்டிவிட்டார். எஞ்சினுக்கு முன்னால் இரு பக்கமும் வளைந்து நிற்கும் இரும்புக் குழாய்தான் அது. வண்டி விழும்போது அதுதான் முதலில் தரையில் படும். அதனால் வண்டி முழுதாகப் படுக்காமல் சாய்ந்த நிலையிலேயே நிற்கும். டேங்கும் எஞ்சின் மூடியும் தப்பும். கால் நசுங்காமல் இருக்க ஓரளவு இடம் கிடைக்கும். தூக்குவதும் எளிது. ஆனால் அதை ஃபிரேமின் கெட்டியான இடத்தில் பிணைக்க வேண்டும். கண்ட இடத்தில் பிணைத்தால் அடிபடும்போது ஃபிரேமையே வளைத்துவிடும். சில வண்டிகளுக்குக் குழாய்க்குப் பதிலாக நைலான் கட்டைகள் மாட்டுகிறார்கள். தேய்ந்து போவதுதான் அவற்றின் வேலை.

இவ்வளவையும் வண்டிக்குப் புரிந்துகொண்ட நான், வாழ்க்கைக்குப் புரிந்துகொள்ளவில்லை. 1990-களில் என் தம்பியின் ஜவுளிக்கடைக்கு ஜாமீன் போட்டேன். கடை தள்ளாடியபோது கைகொடுத்தது சரி. விழ ஆரம்பித்த பிறகும் விடவில்லை. “அண்ணன் கைவிட்டுட்டான்னு ஊர் சொல்லுமே” என்ற ஒரே எண்ணம். கடைசியில் வீட்டை அடகு வைத்தேன். கடையும் போயிற்று, வீடும் போயிற்று. கௌரவத்தை கிராஷ் கார்டு போல வெளியே நிறுத்தி அதில் நாலு கீறல் விழ விட்டிருந்தால் வீடு தப்பியிருக்கும். நான் வீட்டை வெளியே நிறுத்தி, கௌரவத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன்.

போன வருடம் பேரன் புது வண்டி வாங்கினான். கிளாசிக் 350; 195 கிலோ. அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சித்திரை வெயிலில் இளகிய தாரிலும் மழை மண்ணிலும் சைடு ஸ்டாண்டு புதையும். அடியில் ஒரு தட்டைக் கல்லை வை. மேட்டில் நிறுத்தினால் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும், முதல் கியரில் விடு. ஊர்ந்து திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதே. திருப்பிய ஹேண்டிலோடு அதைப் பிடித்தால் நின்ற இடத்திலேயே கவிழ்த்துவிடும்.

விழுந்துவிட்டால் முதலில் எஞ்சினை அணை. பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடு. இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயும். வண்டி உருளாமலிருக்க கியரில் போடு. சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்து. ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, பின்னால் சின்னச் சின்ன அடி வைத்து எழு. தூக்குவது கால்கள், இடுப்பு இல்லை. உடனே ஸ்டார்ட் செய்யாதே. ஐந்து நிமிடம் பொறுத்து, லீவர், மிதி, ஆயில் மூன்றையும் பார்த்த பிறகு கிளம்பு.

மூன்றாம் வாரமே போட்டுவிட்டான். “தாத்தா, கிராஷ் கார்டுல பெரிய கீறல் விழுந்துடுச்சு” என்று முகம் வாடி வந்தான். குனிந்து பார்த்தேன். டேங்கில் ஒன்றுமில்லை, லீவர் திரும்பியிருந்ததே தவிர ஒடியவில்லை. அவன் காலில் சிராய்ப்புகூட இல்லை. “காசு கொடுத்து வாங்கினதே இந்தக் கீறலுக்குத்தாண்டா” என்றேன்.

கனமான எதையாவது ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அது வண்டியோ கடையோ குடும்பமோ, விழுந்தால் முதலில் தரையில் படப்போவது எது என்று இன்றைக்கே ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். அது போனால் வாங்க முடியாத பொருளாக இருந்தால், இப்போதே உள்ளே தள்ளி வையுங்கள்.